ஆறு நிமிடம் முன்னால் ஓடிய கடிகாரம்

மாறுதல் வாங்கிப் போகிறவர், புதிதாக வருகிறவர்களுக்கு நாலு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று நம் பிரிவில் யாரோ ஒரு வழக்கத்தை ஆரம்பித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் போனவர்கள் எழுதியதை எல்லாம் படித்துப் பார்த்தேன். கோடை மழையில் மூன்று ஃபீடர் லைனைக் காப்பாற்றியது, மின்மாற்றி மேல் சாரைப்பாம்பு ஏறியது, ஊரே திரண்டு வந்து கேட்டை ஆட்டியபோது அசையாமல் நின்றது. எல்லாவற்றிலும் எழுதியவர்தான் ஜெயிக்கிறார். என்னிடமும் அப்படி இரண்டு மூன்று கதைகள் உண்டு. கேட்டால் நேரில் சொல்கிறேன்.

இங்கே எழுதப்போவது வேறு. இந்தத் துணை மின்நிலையத்தில் நான் இருந்த எட்டு வருடத்தில் ஒன்றேகால் வருடம், என் தலைக்குள் ஓடியதை நிறுத்தத் தெரியாமல் இருந்தேன். இந்த நாற்காலியில் தொடர்ந்து உட்கார முடியுமா, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதானா என்பதே அப்போது எனக்கு முன்னால் இருந்த கேள்வி. யாரிடமும் சொல்லவில்லை. உங்களில் யாருக்காவது அப்படி வரலாம். அன்றைக்கு இந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். செம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் வெங்காயம் வெட்டியும் முருங்கை ஒடித்தும் என்னைப் பாலிடெக்னிக் வரைக்கும் கொண்டு வந்தார்கள். வேலை உத்தரவு வந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அதை மாதா கோயிலுக்கு எடுத்துப் போய், பூசை முடிந்து வெளியே வந்த ஒவ்வொருவரிடமும் நீட்டினாள். அவளுக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. தலைகீழாகப் பிடித்திருந்தாள். நான் திருப்பிக் கொடுக்கவில்லை. தலைகீழாக இருந்தாலும் அது என் பெயர்தான் என்று எனக்கு அவ்வளவு கர்வம்.

அந்தக் கர்வத்தை இப்போதும் நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் முதல் மாதத்திலேயே ஓடிப் போயிருப்பேன். உங்களுக்கே தெரியும், மின்மாற்றிகளின் ரீங்காரத்தைத் தவிர இங்கே பேச்சுத் துணை கிடையாது. எட்டு மணி நேரம் ஒரே ஆள். ஜன்னலுக்கு வெளியே மக்காச்சோளம், அதற்கு அப்பால் சிறுமலை. காலையில் எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாலை நாலு மணிக்கு அடுத்த ஆள் வந்து “என்ன விசேஷம்?” என்று கேட்கிற வரை, காதில் விழுவதெல்லாம் தொலைபேசிக் குரல்கள்தான். வயர்மேன்களை எனக்கு முகத்தை வைத்துத் தெரிந்ததைவிடக் குரலை வைத்துத்தான் அதிகம் தெரியும்.

நம் வேலையின் உயிர் எங்கே இருக்கிறது என்று பயிற்சியில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். கம்பத்தில் ஏறுகிறவர் முதலில் நமக்குப் போன் செய்து எல்.சி., அதாவது லைன் க்ளியர் கேட்பார். அந்த லைனை நாம் நிறுத்தி, பதிவேட்டில் அவர் பெயரையும் நேரத்தையும் எழுதி, “எல்.சி. கொடுத்தாச்சு” என்று சொன்ன பிறகுதான் அவர் கம்பியைத் தொடுவார். வேலை முடிந்து இறங்கியதும், “ஆளும் சாமானும் எறங்கியாச்சு, எர்த் எடுத்தாச்சு, எல்.சி. ரிட்டர்ன்” என்பார். எர்த் என்பது வேலை முடிகிற வரை கம்பியைத் தரையோடு இணைத்து வைக்கிற காப்பு. ரிட்டர்னைக் காதால் கேட்ட பிறகுதான் நாம் லைனைப் போட வேண்டும். அவ்வளவுதான் சட்டம். ஒரு மனிதன் நம் குரலை நம்பி வெறும் கையோடு கம்பியைப் பிடிக்கிறான்.

சட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பழக்கமும் இருந்தது. இப்போது இல்லை. அது ஏன் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன். மலையடிவார ஊர்களுக்கு மின்சாரம் கொண்டு போகிற ஃபீடர் லைனில் பாதி இடத்தில் செல்போனுக்கு டவர் கிடையாது. ரிட்டர்ன் சொல்ல வேண்டுமானால் ஒன்றரை மைல் நடந்து ரோட்டுக்கு வர வேண்டும். அதனால் எல்.சி. வாங்கும்போதே, “இத்தன மணிக்குப் போட்டுருங்க மேடம்” என்று நேரம் சொல்லிவிட்டு ஏறுவார்கள். எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒத்துக்கொண்டார்கள். நானும் ஒத்துக்கொண்டேன்.

இன்னொரு பழக்கம், நம் சுவர்க் கடிகாரம். அடுத்த ஷிஃப்டுக்கு வருகிறவர்கள் தாமதமாக வருகிறார்கள் என்று யாரோ அதை ஆறு நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும். பதிவேட்டில் எழுதும்போது ஆறைக் கழித்துக்கொண்டு எழுதுவோம். கை பழகிவிட்டது.

ஒரு பழக்கம் மட்டும் இருந்திருந்தால் தப்பியிருப்பேன். இரண்டும் ஒரே நாளில் ஒன்று சேர்ந்தன.

அன்று மலையடி ஃபீடரில் எல்.சி. வாங்கியவர் ஆரோக்கியம் அண்ணன். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது. அதிகம் பேசாதவர். “திருப்பிக் கூப்புட அங்க டவர் எடுக்காது மேடம். மூணு மணிக்குப் போட்டுருங்க. அதுக்குள்ள எறங்கிருவேன்,” என்றார். சரி என்றேன்.

மதியத்துக்கு மேல் மூன்று போன் ஒரே நேரத்தில். ஒரு நூற்பாலையிலிருந்து ஒருவர், மிஷின் நிற்கிறது, நூல் அறுகிறது என்று கத்திக்கொண்டிருந்தார். மேலதிகாரி அலுவலகத்தில் உடனே லோடு அளவு வேண்டும் என்றார்கள். அடுத்த போனில் மலையடி ஊர்க்காரர் ஒருவர், கரண்ட் எப்போது வரும் என்று. நான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். மூன்று மணி. எழுந்து போய் லைனைப் போட்டேன். மீட்டர் முள் ஒழுங்காக ஏறியது. பதிவேட்டில் மூன்று மணி என்று எழுதினேன். பதில் சொல்ல வேண்டியவர்களுக்குப் பதில் சொன்னேன். நன்றாகச் சமாளித்தோம் என்று எனக்கே ஒரு திருப்தி.

பிறகு செல்போனை எடுத்தேன். அதில் இரண்டு ஐம்பத்தேழு.

சுவர்க் கடிகாரத்தில் ஆறைக் கழிக்காமல், இரண்டு ஐம்பத்து நாலுக்கே லைனைப் போட்டிருக்கிறேன். அண்ணனுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. மறுபடி போட்டேன். மறுபடி. லைனை நிறுத்தியிருக்கலாம். அந்த யோசனைகூட வரவில்லை. நிறுத்தினால் அது பதிவேட்டில் ஏறும், ஏன் என்று கேட்பார்கள் என்பது மட்டும் எப்படியோ வந்தது.

மூன்று இருபதுக்கு அவரே கூப்பிட்டார்.

“மேடம், லைன் போட்டுட்டீங்களா?”

“போட்டுட்டேண்ணே. மூணு மணிக்கு.”

அந்தப் பக்கம் பேச்சு இல்லை. பின்னால் எங்கேயோ தண்ணீர் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ரொம்ப நேரம் போல இருந்தது. ஏழெட்டு விநாடிக்கு மேல் இருந்திருக்காது. பிறகு, “சரி,” என்றார். வைத்துவிட்டார்.

உயிரோடு இருந்தார். குரலில் கோபம் இல்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பதிவேட்டில் மூன்று மணி என்று என் கையெழுத்து அழகாக இருந்தது. ஆனால் அந்தப் பேச்சில்லாத ஏழெட்டு விநாடிக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் தெரிந்திருக்கும். கேட்க வேண்டுமானால் ஆறு நிமிடத்தைச் சொல்ல வேண்டும். நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஆரம்பித்தது.

முதலில் சாதாரணக் கவனம் மாதிரிதான் வந்தது. ரிட்டர்ன் சொன்னவரிடம் இன்னொரு முறை கேட்பேன். கேட்டு வைத்த உடனே, இறங்கிவிட்டேன் என்று சொன்னது அவர் குரல்தானா என்று தோன்றும். அவர் குரல்தான். அவர் இறங்கினார், சரி. கூட ஏறிய ஆள்? ஒருவர்தான் என்றாரே. ஒருவர் என்று சொன்னது நேற்றா, இன்றா? மறந்து வைத்த சாமானை எடுக்க மறுபடி ஏறியிருந்தால்? இப்போது ஏறிக்கொண்டிருந்தால்? இப்போது, இந்த நொடி? இதை நிதானமாகப் படிக்கிறீர்கள். எனக்கு இது மூச்சு விடுகிற நேரத்துக்குள் நாற்பது முறை சுற்றும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், விரல் மரத்துப்போகும், ரீங்காரம் காதுக்குள் ஏறி நிற்கும். மறுபடி போன் போட்டால் அடங்கும். அடங்கிய இடத்திலிருந்து மறுபடி கிளம்பும்.

வயர்மேன்களுக்கு நான் வேடிக்கையானேன். தங்கவேல் என்று ஒருவர், வாய் சும்மா இருக்காது. ஐந்தாவது முறை கூப்பிட்டபோது, “ஏத்தா, எறங்கிட்டேன்த்தா. எறங்கி, வீட்டுக்கு வந்து, சோறு தின்னு, வெஞ்சனம் பத்தலைன்னு சண்டையும் போட்டாச்சு. எம்பொண்டாட்டிகிட்ட குடுக்கவா, கேட்டுக்கிறியா?” என்றார். பக்கத்தில் நாலைந்து பேர் சிரித்தது கேட்டது. நானும் சிரித்தேன். வைத்துவிட்டு, பக்கத்தில் சிரித்தவர்களில் எத்தனை பேர் அவரோடு ஏறினவர்கள் என்று எண்ணத் தொடங்கினேன்.

வேலை முடிந்து பஸ் ஏறினால் திண்டுக்கல் பேருந்து நிலையம் வரை தாங்கும். அங்கே செம்பட்டி பஸ்ஸுக்கு மாறாமல், வந்த வழியே திரும்பி நிலையத்துக்கு வந்து, கேட்டுக்கு வெளியே நின்று சுவிட்சுகளை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன். ஷிஃப்டில் இருந்தவர் கேட்டால், டிபன் பாக்ஸை வைத்துவிட்டேன் என்பேன். ஒரு வாரத்தில் மூன்று முறை டிபன் பாக்ஸை மறக்கிற பெண் என்று பெயரானது.

வீட்டில் சோறு இறங்கவில்லை. நெஞ்சுவலி என்று நினைத்து ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்றார்கள். அம்மா எண்ணெய் மந்திரித்து வாங்கி வந்து நெற்றியில் தடவினாள். ஒரு நாள் அவளிடம் மட்டும், “பயமா இருக்கும்மா,” என்றேன். கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“கையெழுத்துப் போடத் தெரியாதவ நானே பயப்படல. படிச்ச புள்ளைக்கு என்ன பயம்?”

அவள் திட்டவில்லை. உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. படித்தால் பயம் போய்விடும் என்று நம்பித்தான் அவள் அவ்வளவு நாள் குனிந்து வேலை பார்த்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

ஒரு வருடம் இப்படியே ஓட்டினேன். என்னால் ஆபத்து எதுவும் இல்லை, கொஞ்சம் அதிகக் கவனம், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன். நீங்களும் அப்படிச் சொல்லிக்கொள்வீர்கள். அதனால்தான் அடுத்து நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

ஒரு சித்திரை மதியம். ஊருக்குள் போகிற ஃபீடரில் தங்கவேல் வேலை முடித்து ரிட்டர்ன் சொல்லிவிட்டார். சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். எழுதிக்கொண்டேன். எழுந்து போய் சுவிட்சில் கை வைத்தேன். கை நகரவில்லை. திரும்பி வந்து அவருக்குப் போன் போட்டேன். மறுபடி போனேன். நகரவில்லை. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். அப்போது ஒரு சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் பேசினார்.

“மேடம், கரண்ட் எப்ப வரும்? இங்க ஒரு பொண்ணு வலியெடுத்துக் கெடக்குது. ஜெனரேட்டர் எடுக்க மாட்டேங்குது. செல்போன் லைட்ட வச்சுக்கிட்டு நிக்கிறோம்.”

“இன்னும் வேல முடியல சிஸ்டர். லைன்ல ஆள் இருக்காங்க,” என்றேன்.

லைனில் ஆள் இல்லை. ஆள் இறங்கிப் பதினேழு நிமிடம் ஆகியிருந்தது. ஒரு பெண் வேர்வையில் கிடக்கிறாள் என்று கேட்டும், என் வாயில் அப்படி ஒரு பொய் தயாராக இருந்தது. ஏழாவது முறை தங்கவேலைக் கூப்பிட்டேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. “ஒடம்புக்கு முடியலையாத்தா?” என்று மெதுவாகக் கேட்டார். போனை வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு லைனைப் போட்டேன்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. மறுநாள் நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெண் குழந்தை. கேட்டு வைத்த பிறகு அழுகை வந்தது. பதிவேட்டை ஈரமாக்கக் கூடாதென்று தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

அந்த வாரம் விடுப்புப் போட்டுவிட்டுத் திண்டுக்கல்லில் மனநல மருத்துவரைப் பார்க்கப் போனேன். துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தும், எங்கள் ஊர் அக்கா ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள். “ஏத்தா, நீயா? இங்க என்னத்தா?” என்றாள். கூட வேலை பார்க்கிற பெண்ணுக்குத் துணையாக வந்தேன் என்றேன். கூட வேலை பார்க்கிற பெண் என்று எனக்கு ஒருத்தியும் கிடையாது. அவள் அங்கே ஏன் வந்தாள் என்று நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் வேறு வேறு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மருத்துவருக்கு என் வயதுதான் இருக்கும். நான் தேவாலயத்தில் பாவம் சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் இடையில் எழுதவே இல்லை. கடைசியில்தான் கேட்டார்.

“ஏழு தடவ போன் பண்ணுனதுக்கு அப்புறம் நிம்மதி எவ்வளவு நேரம் இருக்கும்?”

யோசித்தேன். “கேட் வரைக்கும் இருக்கும்.”

“ஆறு தடவைக்கு?”

“அதுவும் கேட் வரைக்கும்தான்.”

“ஒரே ஒரு தடவ கேட்ட காலத்துல?”

அந்தக் காலத்தில் வீடு வரைக்கும் இருந்தது, தூங்கி எழுந்த பிறகும் இருந்தது.

இது பதற்ற நோய், பலருக்கு வருவது, குணமாகும் என்றார். மாத்திரை எழுதினார். தானாக நிறுத்தக் கூடாது என்றார். அதோடு ஒரு பயிற்சியும் சொன்னார். ரிட்டர்ன் வாங்கும்போது கேட்க வேண்டியதைச் சட்டப்படி ஒரு முறை முழுசாகக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு கேள்வி வந்தால் போனை எடுக்காமல், மனசுக்குள்ளும் பதில் சொல்லாமல், ஒரு தாளில் நேரத்தையும் பயம் பத்துக்கு எவ்வளவு என்பதையும் மட்டும் எழுத வேண்டும். கால் மணிக்கு ஒரு முறை எழுத வேண்டும்.

“எழுதுனா போயிருமா டாக்டர்?”

“உடனே போகாது. கத்தும். நீங்க பதில் சொல்லாட்டியும் அது பாட்டுக்குக் கொறையுதான்னு மட்டும் பாருங்க.”

கிளம்பும்போது, அந்த ஆறு நிமிடத்தைப் பற்றிக் கேட்டேன். அதுவும் நோய்தானா என்று.

“அது நடந்தது,” என்றார். “நடந்ததுக்கு என்கிட்ட மாத்திரை இல்ல.”

மாத்திரை முதல் இரண்டு வாரம் தூக்கமும் வாய் வறட்சியுமாக இருந்தது. பிறகு ஒரு காலை, பஸ்ஸில் வரும்போது, வெளியே பூந்தோட்டத்தில் ஒரு பெண் மல்லிகை பறிப்பதை நெடுநேரமாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று உணர்ந்தேன். ஒரு வருடமாக ஜன்னலுக்கு வெளியே எதையும் பார்த்ததில்லை. தாளில் எழுதுகிற எண்களும் மெதுவாக இறங்கின. மற்ற ஃபீடர்களில் ஒரே முறை கேட்டு லைனைப் போட முடிந்தது. மலையடி ஃபீடரில் மட்டும், அதிலும் ஆரோக்கியம் அண்ணன் என்றால், எண் ஒன்பதிலேயே நின்றது. ஏன் என்று எனக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை அவர் ஏதோ சாமான் எடுக்க நிலையத்துக்கு வந்தார். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தியிருந்தார். ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுச் சொன்னேன். கடிகாரம், ஆறு நிமிடம், பதிவேடு, எல்லாம்.

அவர் டீயைக் குடிக்கவில்லை.

“அன்னைக்கு நான் எர்த் எடுத்துட்டு எறங்கிட்டேன்,” என்றார். “மேல ஸ்பேனர விட்டுட்டேன். எடுக்கலாம்னு கம்பத்துல ஒரு கால வச்சிட்டேன். பக்கத்துத் தோட்டத்துக் கெணத்துல மோட்டார் தானா ஓட ஆரம்பிச்சிருச்சு. ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ருந்தாங்க போல. அந்தச் சத்தம் கேக்கலைன்னா ஏறியிருப்பேன்.”

நான் ஃபிளாஸ்க் மூடியைத் திருகி மூடினேன்.

“மணி பாக்கல. ரோட்டுக்கு வந்துதான் பாத்தேன். நீங்க மூணுக்குப் போட்டேன்னீங்க. அப்ப நாந்தான் நேரந்தெரியாம நின்னுட்டேன்னு நெனச்சேன். ரெண்டு புள்ளைகளுக்கு அப்பன், இப்படிக் கவனமில்லாம இருக்கமேன்னு. அன்னையிலருந்து கம்பத்துல ஏறுனா காலு நடுங்குது. மேல நிக்கயில மணிக்கட்டையே பாத்துக்கிட்டிருக்கேன். வீட்ல யார்ட்டயும் சொல்லல.” மணிக்கட்டில் புதுக் கடிகாரம் இருந்தது. “பதினஞ்சு மாசமா என்னைய நானே நம்பாம ஏறிக்கிட்டிருக்கேன் மேடம்.”

“தப்பு என்னோடதுண்ணே.”

“நீங்க படிச்சவுக. நீங்க எழுதிட்டா அதான் நேரம்,” என்றார்.

டீயை அப்படியே சுவர் மேல் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்த கை என்று நான் கர்வப்பட்ட கையைப் பற்றி அதற்கு முன்னும் பின்னும் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

தனியாக இருந்தது நான் மட்டும் இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. என் ஒரு வரி, எனக்குத் தெரியாமல் இன்னொருவர் தலைக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் மருத்துவரிடம் போனேன். அவர் கம்பத்தில் ஏறினார்.

திங்கட்கிழமை நடந்ததை எழுதி நம் பொறியாளரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

“ஆரோக்கியம் புகார் எதுவும் குடுக்கலையே?”

“குடுக்கல சார்.”

“யாருக்கும் ஒன்னும் ஆகல. பின்ன எதுக்கும்மா இது?”

“பதிவேட்ல இருக்கிறது பொய் சார்.”

தாளை மறுபடி ஒரு முறை படித்தார். பிறகு செய்ய வேண்டியதைச் செய்தார். நேரம் சொல்லி எல்.சி. வாங்குவது அன்றோடு நின்றது. கடிகாரம் சரியான நேரத்துக்குத் திருப்பப்பட்டது. எனக்கு ஒரு மெமோ. நேரம் சொல்லி ஏறியதற்காக ஆரோக்கியம் அண்ணனுக்கும் ஒரு மெமோ.

இரண்டாவது மெமோ வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. மறுநாள் அவர் போன் செய்தார். “ஒங்க மனச் சுமையில எனக்கும் பாதி எறக்கி வச்சிட்டீங்க,” என்றார். அவ்வளவுதான். தங்கவேலும் மற்றவர்களும் இனிமேல் ரிட்டர்ன் சொல்ல ஒன்றரை மைல் நடந்து ரோட்டுக்கு வர வேண்டும். வந்து, சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்கள். ஏத்தா என்று கூப்பிட்டவர் மேடம் என்று மாறினார். சிரிப்புச் சத்தம் எதுவும் கேட்பதில்லை. உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். குறைந்தது. அதோடு அந்தக் குரல்களும் போய்விட்டன. அவற்றைத் தவிர எனக்கு இங்கே வேறு யாரும் இருந்ததில்லை.

இதைச் சொல்வது, உங்களைப் பயமுறுத்தி வாயை மூட வைப்பதற்கு அல்ல. தவறு நடந்தால் அன்றே, அந்த நிமிடமே சொல்லுங்கள். லைனை நிறுத்துங்கள், பதிவேட்டில் ஏறட்டும், யார் வேண்டுமானாலும் கேட்கட்டும். அன்று சொல்லியிருந்தால் அது ஆறு நிமிடத் தவறு. பதினைந்து மாதம் கழித்துச் சொன்னபோது அது பதினைந்து மாதத் தவறாகியிருந்தது. தலைக்குள் ஓடுவது நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். துப்பட்டாவை இழுத்துக்கொண்டு போனாலும் சரி, போங்கள்.

ஐப்பசியில் ஒரு நாள். மழை வருகிற மாதிரி சிறுமலை கறுத்துக் கிடந்தது. ஆரோக்கியம் அண்ணன் மலையடி ஃபீடரில் எல்.சி. கேட்டார். மெமோவுக்குப் பிறகு அந்த ஃபீடரில் அவர் கேட்பது அதுதான் முதல் முறை. கொடுத்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் போன் வந்தது. மூச்சு வாங்கியது. நடந்து வந்திருந்தார்.

“ஆளும் சாமானும் எறங்கியாச்சு. எர்த் எடுத்தாச்சு. எல்.சி. ரிட்டர்ன்.”

“மொத்தம் எத்தனை பேர்ணே?”

“ரெண்டு பேர். ரெண்டு பேரும் இங்க ரோட்டுல நிக்கிறோம்.”

“நேரம் ரெண்டு இருபது. ரிட்டர்ன் வாங்கிக்கிட்டேன்.”

“சரி.”

எழுதினேன். எழுந்து போய் லைனைப் போட்டேன். முள் ஏறியது.

நாற்காலிக்கு வருவதற்குள் அது வந்துவிட்டது. கோபத்தில் இருக்கிற மனிதர், சொல்ல வேண்டும் என்று சொல்லியிருப்பார். ரெண்டு பேர் என்றார், மூன்றாவது ஆள் இருந்தால்? மழைக்குப் பயந்து சாமானை விட்டு வந்து, இப்போது எடுக்கப் போயிருந்தால்? அண்ணன் என்றால் எடுக்கப் போவார். போனவர்தானே. கை போனுக்குப் போய்விட்டது. எடுத்து, எண்ணைத் தேடி, பெயர் திரையில் வந்துவிட்டது. இந்த முறை அது நோயா, கவனமா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டிருந்தேன். அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தார். அதற்கு மேல் நான் கேட்டால், அவர் வாயால் சொன்னதை நான் நம்பவில்லை என்று அர்த்தம். பதினைந்து மாதம் தன்னையே நம்பாமல் ஏறியவரிடம் மறுபடி அதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

போனைக் குப்புற வைத்தேன். தாளை எடுத்து எழுதினேன். இரண்டு இருபத்தைந்து, ஒன்பது. மழை தகரத்தில் விழ ஆரம்பித்தது. இரண்டு நாற்பது, ஒன்பது. இரண்டு ஐம்பத்தைந்து, எட்டு. மூன்று பத்துக்கு எழுத மறந்துவிட்டேன். மூன்று இருபத்தைந்துக்கு ஐந்து.

நாலு மணிக்கு அடுத்த ஆள் நனைந்துகொண்டு வந்தார். தலையைத் துவட்டிக்கொண்டே, “என்ன விசேஷம்?” என்றார்.

அந்த மதியம் இந்த அறையில் என்ன நடந்தது என்று சுற்றி இருக்கிற அத்தனை ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ரோட்டில் நின்று போன் பேசியவருக்கும் தெரியாது. அவருக்கு மறுபடி போன் வரவில்லை, அவ்வளவுதான். நான் பதிவேட்டில் குறிப்பு என்று இருக்கிற இடத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அடுத்த ஆள் பக்கம் தள்ளினேன்.